படகைத் தள்ளியவர்கள்

வேட்டை என்றதும் செத்த புலியின் மேல் பூட்ஸ் காலை வைத்து நிற்கும் துரையின் புகைப்படம்தான் நினைவுக்கு வரும். அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் அது மகாராஜாக்களுக்கும் பெரிய துரைமார்களுக்கும் வாய்த்த வேட்டை. மாவட்டத்தில் இருந்த சின்ன அதிகாரிகளும் பட்டாளத்து லெப்டினன்டுகளும் ஆண்டுதோறும் ஆடியது வேறு. முழங்கால் சேற்றில் நெல் வயலுக்குள் நடந்து உள்ளான் சுடுவார்கள். குளத்து நடுவில் ஒதுங்கிக் கிடக்கும் சிறகிகளைச் சின்னப் படகில் போய்ச் சுடுவார்கள். சென்னை மாகாணத்தில் புரட்டாசிக்குப் பின் தொடங்கி மாசி வரை நடந்த விடுமுறைப் பொழுதுபோக்கு இது.

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி அவர்கள் நிறையவே எழுதி வைத்திருக்கிறார்கள். 1885-ல் காங்கிரஸைத் தொடங்கியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே ஆலன் ஆக்டேவியன் ஹியூம், அவரேதான் மார்ஷல் என்பவரோடு சேர்ந்து இந்தியா, பர்மா, இலங்கையின் வேட்டைப் பறவைகளைப் பற்றி 1879 முதல் 1881 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டவர். இந்த வகை நூல்களில் பறவையின் எடை இருக்கும், சிறகின் நீளம் இருக்கும், கறியின் ருசி இருக்கும். சுட்ட துரையின் பெயரும் பெரும்பாலும் இருக்கும். படகைத் தள்ளியவர் 'கூலி' என்ற ஒரே சொல்லில் முடிந்துபோவார்.

ஒரு சொல்லின் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறோம். மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுபவனை இன்று உலகம் முழுக்க ஸ்னைப்பர் என்கிறார்கள். உள்ளானுக்கு ஆங்கிலத்தில் ஸ்னைப் என்று பெயர். எழுந்ததும் நேராகப் பறக்காமல் இடமும் வலமுமாக வெட்டி வெட்டிப் பறக்கிற பறவை அது. அதைச் சுட்டு வீழ்த்தக் கை தேர்ந்திருக்க வேண்டும். 1770-களில் இந்தியாவில் இருந்த ஆங்கிலப் பட்டாளத்தார்தான் இந்த வேட்டையைக் குறிக்க அந்தச் சொல்லை வினையாக்கினார்கள். பிறகு மனிதரைச் சுடுவதற்கும் அதுவே பெயரானது. நம் மண்ணின் நெல் வயல் சேற்றிலிருந்து உலகத்துக்குப் போன சொல்.

நாம் இந்தக் கட்டுரையில் தேடுவது படகைத் தள்ளியவரை. தேடும் இடம் சீவலப்பேரி.

தாமிரபரணி என்றால் நம் வாசகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலமாக வந்தவர்களைக் கொக்கிரகுளத்தில் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது, 17 பேர் செத்தார்கள். அந்த நாளைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதே ஆறு நெல்லையைத் தாண்டி ஓடிச் சிற்றாற்றோடு சேரும் இடம்தான் சீவலப்பேரி. பலருக்கு இந்த ஊரை 1994-ல் வந்த 'சீவலப்பேரி பாண்டி' படத்தின் மூலம்தான் தெரியும், அல்லது சுடலைமாடசாமி கோவிலின் மூலம் தெரியும். ஊர்ப் பெயருக்குள் இருக்கும் குளத்தை யாரும் கவனிப்பதில்லை. ஸ்ரீவல்லப பாண்டியன் பெயரால் அமைந்த பேரேரி, ஸ்ரீவல்லபப் பேரேரி, சீவலப்பேரி என்று ஆனதாக ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்கிறார்கள். ராஜா பெயர் நின்றுவிட்டது. கரைக்கு மண் சுமந்தவர் பெயர் எந்த ஏரியில்தான் நின்றிருக்கிறது?

ஆனால் இந்த ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. சேற்றில் நின்றவர்களையே தலைமக்களாக வைத்துப் பாடிய 'முக்கூடற்பள்ளு' இந்த ஊரைப் பற்றியதுதான். தாமிரபரணி, சிற்றாறு, கயத்தாற்றுப் பக்கமிருந்து வரும் ஓடை ஆகிய மூன்றும் கூடுவதால் முக்கூடல். அம்பாசமுத்திரம் பக்கம் பீடிக்குப் பெயர்போன முக்கூடலும் இதுவும் வேறு வேறு. பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சுமார் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் அந்த நூலுக்கு ஆசிரியர் பெயர் கிடைக்கவில்லை. குடும்பன், அவனுடைய இரண்டு மனைவியர், மேலே அதிகாரம் செய்யும் பண்ணைக்காரன், இவர்கள்தான் பாத்திரங்கள். மூத்தவள் முக்கூடல்காரி, இளையவள் மருதூர்க்காரி. தாமிரபரணியின் எட்டு அணைகளில் ஏழாவதான மருதூர் அணை இருக்கிற அதே மருதூர்.

(பள்ளர் என்று அந்த நூல் அழைக்கும் மக்கள் தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயருக்காக நெடுங்காலம் போராடி, 2021-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக அதைப் பெற்றார்கள். பழைய நூலைப் பற்றிப் பேசும் இடத்தில் மட்டும் பழைய சொல்லை எடுத்தாள்கிறோம்.)

பள்ளு நூல்களை நாம் இரண்டு விதமாகப் படிக்கலாம். மேலே இருந்துகொண்டு உழைப்பவனை வேடிக்கைப் பொருளாக்கிச் சிரிக்கிற இலக்கியம் என்று ஒரு படிப்பு. அது தவறில்லை. பண்ணைக்காரன் குடும்பனைக் கட்டையில் மாட்டுவதும், மனைவி கெஞ்சி விடுவிப்பதும், மாடு முட்டி அவன் விழுவதும் அங்கே நாடகச் சுவை. கட்டையில் மாட்டப்பட்ட காலுக்கு அது சுவையாக இருந்திருக்காது. கோ. கேசவன் போன்றவர்கள் பள்ளு இலக்கியத்தைச் சமூகவியல் கண்ணோட்டத்தில் எடுத்துப் பேசிய பிறகு, இந்த நூல்களை வெறும் இலக்கிய நயத்துக்காக மட்டும் படிப்பது கடினமாகிவிட்டது.

இன்னொரு படிப்பு, அதை ஓர் ஆவணமாக எடுத்துக்கொள்வது. வெள்ளம் வரும் வழி, அதோடு துள்ளி வரும் மீன் வகைகள், நெல் வகைகள், மாட்டு வகைகள், கலப்பையின் பாகங்கள் என்று பெயர் பெயராக அடுக்கிக்கொண்டு போகிறது நூல். இந்தப் பெயர்கள் புலவருக்கு ஏட்டில் கிடைத்தவையாக இருக்க முடியாது. எந்த மீன் எந்தத் தண்ணீரில் ஏறும், எந்த நெல் எந்த மண்ணுக்கு ஆகும் என்பது வயலில் கால் வைத்தவருக்குத்தான் தெரியும். அவர்களுடைய அறிவை வாங்கி, அவர்களையே கேலி செய்து, பாட்டாக்கி வைத்திருக்கிறார் புலவர். எழுதியவர் எண்ணாமலேயே நம்மவர் அறிவுக்கு ஒரு சாட்சியும் கிடைத்திருக்கிறது.

பறவைக் கதை இங்கேதான் வந்து சேர்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு போகம். ஆனி ஆடியில் தொடங்குவது கார், ஐப்பசிக்குப் பின் தொடங்கி மாசி பங்குனியில் அறுவடையாவது பிசானம். வடக்கே குளிர்நாடுகளிலிருந்து உள்ளானும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் இங்கே வந்திறங்கித் திரும்பிப் போகும் காலமும் கிட்டத்தட்ட இதேதான். உள்ளான் ஆழத் தண்ணீரில் நிற்காது. நீர் வடிந்து கால் புதைகிற பதத்தில் சேறு வேண்டும். நீண்ட அலகை முழுசாகச் செருகிப் புழு எடுக்கும். அந்தப் பதத்தில் சேற்றை வைப்பது யார்? உழுது, தொழி கலக்கி, மடை திறந்து, மடை அடைத்து, நாற்று நடுகிறவர்கள். துரை தேடி வந்த வேட்டைக்களத்தையே நம் பெண்களும் ஆண்களும்தான் கையால் ஆக்கி வைத்திருந்தார்கள். இயற்கை தந்த சதுப்பு என்று எழுதினால் அது பாதி உண்மைதான்.

அப்படி ஒரு வேட்டை நாள் எப்படிப் போயிருக்கும்? குறிப்பிட்ட ஒரு தேதியின் கதையாக இதை நாம் சொல்லவில்லை. அந்தக் கால வேட்டை முறைகளையும் கிராம நிர்வாகம் நடந்த விதத்தையும் வைத்து அடுக்கிப் பார்க்கிறோம்.

முதல் நாள் மாலையே துரையின் முகாம் வந்துவிடும். கச்சேரியிலிருந்து மணியக்காரருக்குச் சொல் வரும். மணியக்காரர் தலையாரியை அனுப்புவார். தலையாரி குடிக்குள் போய் "நாளைக்கு இத்தனை ஆள்" என்பார். வர முடியுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அன்று பிசான நடவு இருந்தாலும் வர வேண்டும். பண்ணையார் முணுமுணுப்பார், ஆனால் துரையிடம் சொல்ல மாட்டார். அந்தக் கோபம் பிறகு ஆளின் மேல்தான் இறங்கும்.

விடிவதற்கு முன்னால் வயல். துரைக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நடப்பார்கள். எந்த வயலில் நேற்று மடை அடைத்தார்கள், எதில் ஈரம் பதமாக இருக்கிறது என்று வழி காட்டுவது அவர்கள்தான். பறவை எழும், வெடி கேட்கும், விழும். உள்ளானின் முதுகும் காய்ந்த வைக்கோலும் சேறும் ஒரே நிறம். விழுந்த இடத்தைக் கண்ணால் பிடித்து வைத்துக்கொண்டு நேராகப் போய் எடுக்கிற ஆள் இல்லாவிட்டால் சுட்டதில் பாதி கிடைக்காது. நட்ட நாற்று மிதிபடும். அதை மறுபடி நட்டுத் தருவதும் அதே வீட்டுப் பெண்கள்.

வெயில் ஏறியதும் குளம். பகலில் சிறகிகள் கரையோரம் நிற்காது, குளத்தின் நடுவில் கூட்டமாக மிதக்கும். துப்பாக்கிக் குண்டு எட்ட வேண்டுமானால் படகு வேண்டும். நம் பாசனக் குளங்களில் படகோட்டம் பெரிதாகக் கிடையாது. அல்லியும் கோரையும் வேலம்பாசியும் அடைத்துக் கிடக்கும் தண்ணீரில் துடுப்பு சிக்கும். கம்பு ஊன்றினால் சேறு கம்பைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் ஆள் இறங்கித்தான் தள்ள வேண்டும். மார்பளவு தண்ணீர், காலுக்குக் கீழே இடுப்பு வரை இழுக்கும் சகதி, அட்டை, கருவேல முள், உடைந்த நத்தை ஓடு. படகில் உட்கார்ந்திருப்பவருக்கு நனையாமல் இருக்க வேண்டியது வெடிமருந்து. எதிர்க்கரையில் தகரம் தட்டிக் கத்துவதற்கு இன்னொரு கூட்டம். பறவைகள் எழுந்து படகைத் தாண்டிப் பறக்கும்போது சுடுவார்கள். இறக்கை உடைந்து விழுந்த வாத்து சும்மா கிடக்காது. முங்கிப் போய்ப் பாசியைக் கவ்விக்கொண்டு அடியிலேயே கிடக்கும். அதை எடுக்க இன்னொரு மனிதன் முங்க வேண்டும்.

சாயங்காலம் எண்ணிக்கை. கழுத்தைக் கட்டிக் கம்பில் தொங்கவிட்டுத் தூக்கிப் போவார்கள். சாப்பிட லாயக்கில்லை என்று துரை ஒதுக்கும் நாமக்கோழிகள் ஆட்களுக்கு. கூலி கொடுத்தால் சில அணா, கொடுக்காவிட்டால் கேட்பதற்கு இடமில்லை. பறவை தூக்கிப் போகிறவர் துரையின் சமையற்கட்டு வாசல் வரை போகலாம், போகும் வழியில் இருக்கும் அக்கிரகாரத் தெருவைத்தான் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இதை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் சாதி பார்க்கவில்லை என்று வாதாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவனுக்கு ஆள் பிடித்துத் தந்த ஏற்பாடே சாதிதான். அதை அவன் மாற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை.

அடிமைமுறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று 1843-ல் 5ஆம் சட்டம் வந்துவிட்டதே, பிறகு எப்படி என்று மாணவர்கள் கேட்கலாம். 1858-ல் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஏரிக்கரை உடையும்போது ஆட்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கலாம், வழக்கமான குடிமராமத்து வேலைக்கு வராதவரிடம் பணம் பிடுங்கலாம் என்று அது சொன்னது. குடிமராமத்தைக் கிராமத்தின் பொற்காலக் கூட்டுறவாகப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுவதேயில்லை. அடிமைமுறை ஏட்டில் ஒழிந்த 15 ஆண்டுக்குள் சேற்று வேலைக்குக் கட்டாயம் ஏட்டில் ஏறிவிட்டது. துரையின் வேட்டைக்கு ஆள் பிடிப்பது இந்தச் சட்டத்தில் வராது. ஆனால் கரைக்கு வா என்று கூப்பிட்டுப் பழகிய வாய் வேட்டைக்கும் கூப்பிடும்.

ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பறவைக் காட்டுக்குப் போகும் நண்பர்கள் அங்கே நட்டிருக்கும் கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்தத் தேதியில், யார் வந்தபோது, எத்தனை பறவை சுடப்பட்டது என்று வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள். அத்தனை பறவையையும் தண்ணீரிலிருந்து யாரோ பொறுக்கித்தானே எடுத்திருக்க வேண்டும். அந்தக் கைகளுக்குக் கல்லில் ஒரு வரி கிடையாது. பிறகு அது தேசியப் பூங்கா ஆனது. 1982-ல் மாடு மேய்க்கத் தடை போட்டதும் சுற்றுக் கிராமத்தார் எதிர்த்தார்கள், போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. ராஜாவின் வேட்டைக்காலத்தில் உள்ளே வரச் சொன்னவர்களை, பாதுகாப்புக் காலத்தில் உள்ளே வந்தால் சுட்டார்கள்.

பறவை வேட்டைக்காக மனிதர்கள் செத்தது இந்தியாவில் மட்டும் இல்லை. எகிப்தில் டென்ஷாவாய் என்ற கிராமத்தில் 1906 ஜூன் 13 அன்று ஆங்கில அதிகாரிகள் புறா சுடப் போனார்கள். அவை ஊர்க்காரர்கள் வளர்த்த புறாக்கள். தகராறில் ஒரு பெண்ணுக்குக் குண்டடி பட்டது. கைகலப்பு நடந்தது. தப்பி ஓடிய அதிகாரி ஒருவர் வெயிலில் சுருண்டு விழுந்து செத்தார். அதற்காகத் தனி நீதிமன்றம் வைத்து, ஜூன் முடிவதற்குள் நான்கு கிராமத்தாரைத் தூக்கிலிட்டு, பலரைச் சாட்டையால் அடித்தார்கள். எகிப்தின் தேசிய இயக்கம் டென்ஷாவாயை மறக்கவில்லை. இந்தியாவிலும் வேட்டைக்குப் போன வெள்ளைச் சிப்பாய்கள் கிராமத்தாரைச் சுட்ட வழக்குகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அரசுக்கே தலைவலியாகி, சிப்பாய்களுக்கு வேட்டை அனுமதிச் சீட்டு, விதிமுறை என்றெல்லாம் கொண்டுவந்தார்கள். அப்படிச் செத்தவர்களுக்கு நம் பாடப்புத்தகத்தில் டென்ஷாவாய் அளவுக்குக்கூட இடம் இல்லை.

இனி துப்பாக்கி இல்லாதவர்களின் வேட்டைக்கு வருவோம். 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியருக்குத் துப்பாக்கி வேண்டுமானால் உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு உண்டு. உரிமம் கிடைத்த இந்தியர் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஜமீன்தார், மிராசுதாரர், பண்ணையார். நம்மவரிடம் இருந்தது கண்ணி, வலை, கவண், ஆலம்பாலைக் காய்ச்சிச் செய்த பிசின். மண்சட்டி வித்தை ஒன்றை இந்தியாவின் பல பகுதிகளில் வெள்ளைக்காரர்கள் பார்த்து அதிசயப்பட்டு எழுதியிருக்கிறார்கள். சில நாட்கள் வெறும் சட்டிகளைக் குளத்தில் மிதக்க விடுவார்கள். பறவைகள் பழகிவிடும். பிறகு கண்ணுக்கு ஓட்டை போட்ட சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் கழுத்தளவு தண்ணீரில் மெல்ல நகர்ந்துபோய், வாத்தின் காலைப் பிடித்து நீருக்குள் இழுத்துவிடுவார். பக்கத்து வாத்துக்குக்கூடத் தெரியாது. வெடியில்லை, சத்தமில்லை, காயம்பட்டுத் தப்பிப்போய்ச் சாகும் பறவையும் இல்லை. வீட்டுக்கு இரண்டு கிடைத்தால் அன்றைக்குக் குழம்பு.

இதைச் சொல்ல நம்மில் பலருக்கு இன்றும் கூச்சம். துரை சுட்ட உள்ளான் வறுவல் வெள்ளித் தட்டில் வந்தால் விருந்து. நாம் பிடித்த கொக்கும் நீர்க்கோழியும் நத்தையும் நண்டும் சாதியைச் சொல்லித் திட்டுவதற்கான வார்த்தைகள். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கக் கூசியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். பண்ணைக் கூலி நெல்லாக வந்த காலத்தில், கார் அறுப்புக்கும் பிசான அறுப்புக்கும் இடையில் அடுப்பு எரிந்தது பல வீடுகளில் குளத்தாலும் வாய்க்காலாலும்தான். அந்தச் சாப்பாட்டில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பறவைகளைக் காக்கும் சட்டங்கள் 1887, 1912 என்று வரத் தொடங்கின. வேட்டைக்கு மூடுகாலம், உரிமம் என்று பேசிய இந்தச் சட்டங்கள், துப்பாக்கி வேட்டையை ஒழுங்குபடுத்தப்பட்ட விளையாட்டாகவும் கண்ணி வேட்டையைத் திருட்டாகவும் பார்க்கப் பழக்கின. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில்கூடத் தொடக்கத்தில் சிறுவேட்டைக்கு உரிமம் வாங்க வழி இருந்தது. 1991 திருத்தம்தான் வேட்டையை முழுசாக மூடியது. அதாவது பணமும் துப்பாக்கியும் உள்ளவருக்கு இன்னும் 19 ஆண்டு அவகாசம். இன்று ஒரு நரிக்குறவர் நாலு கொக்கோடு பிடிபட்டால் சிறைத்தண்டனை மூன்றாண்டு வரை போகலாம், 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். அந்த நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்ப்பதற்கே 2023 ஆகிவிட்டது.

பறவைகளைக் கொல்ல உரிமை வேண்டும் என்று நாம் வாதாடவில்லை. இன்றைக்குக் குளங்கள் இருக்கும் நிலையில் பறவை வேட்டை கூடாது என்பதுதான் நம் நிலைப்பாடும். நாம் கேட்பது கணக்கு. யார் கொன்றார்கள், எத்தனை கொன்றார்கள், தண்டனை யாருக்கு?

காப்பாற்றிய கதையிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். வேடந்தாங்கலில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டார்கள், 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ் தடை உத்தரவு கொடுத்தார். இந்தியாவின் பழைய பறவைப் பாதுகாப்பு என்று பெருமையாகச் சொல்கிறோம். சொல்லட்டும். ஆனால் அந்தக் காலத்துச் செங்கல்பட்டில் 'கிராமம்' என்ற பெயரில் கம்பெனியோடு பேசியவர்கள் மிராசுதாரர்கள். நிலத்தோடு பிணைக்கப்பட்ட பண்ணையாட்கள் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நல்ல உரம், அதனால் விளைச்சல் கூடும் என்பதுதான் ஊரார் சொன்ன காரணம். நிலம் இருந்தவருக்கு அது லாபம். அந்த நீரை வயலுக்குப் பாய்ச்சியவருக்கு என்ன பங்கு என்று உத்தரவில் எழுதவில்லை.

நம் மாவட்டத்திலும் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் இருக்கிறது. ஊருக்குள் மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடாவையும் சங்குவளை நாரையையும் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுத்துக்கொண்டு, தெருவில் விழும் குஞ்சைத் தூக்கி வளர்த்திருக்கிறார்கள். 1994-ல் சரணாலயம் ஆனது, 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. தாமிரபரணிக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். நல்ல வேலை. தலித் மாணவர்கள் அதில் அதிகமாகப் போக வேண்டும் என்று சொல்கிறோம். பைனாகுலர் வழியே பறவையைப் பார்ப்பவர், கரையில் நின்று மடை திறப்பவரிடமும் பேச வேண்டும். எந்தக் குளம் எந்த மாதம் எவ்வளவு வற்றும் என்பது பறவைகள் வருவதைத் தீர்மானிக்கிற விஷயம். அது அவருக்குத்தான் தெரியும்.

இன்றைக்கும் குளத்தில் என்ன உரிமை இருக்கிறது என்று பார்த்தால், துப்பாக்கி போய் ஏலச்சீட்டு வந்திருக்கிறது. மீன்பாசி குத்தகை, கரை மரம், வண்டல் மண், இவற்றை யார் எடுப்பது என்பதில்தான் பல ஊர்களில் பஞ்சாயத்து அரசியலே நடக்கிறது. மதுரை மாவட்டம் மேலவளவில் தனித்தொகுதித் தலைவராக ஜெயித்த முருகேசனும் அவரோடு ஆறு பேரும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த வெறிக்குப் பின்னால் நாற்காலி மட்டும் இல்லை. தலைவர் கையெழுத்துப் போட்டால் ஊர்ப் பொதுச் சொத்தின் குத்தகையும் கைமாறும் என்ற பயமும் இருந்தது. தண்ணீரில் இறங்கி மீன் பிடித்துக் கொடுக்கலாம், ஏலத்தில் கை தூக்கக் கூடாது என்பது, படகைத் தள்ளலாம், படகில் உட்காரக் கூடாது என்பதன் இன்றைய வடிவம்.

சீவலப்பேரி, மருதூர், கீழே கருங்குளம், ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றோர ஊர்களில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். கெசட்டியரில் கிடைக்காத விஷயங்கள் உங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. தாத்தாவிடமும் ஆச்சியிடமும் கேளுங்கள். உங்கள் ஊர்க் குளத்தின் ஒவ்வொரு மடைக்கும் என்ன பெயர்? மடை திறக்க முங்கியவர்கள் எந்தக் குடும்பம், அதற்கு என்ன கொடுத்தார்கள், எப்போது நிறுத்தினார்கள்? பறவைக்கு எந்த நாரில் கண்ணி போட்டார்கள்? நீங்கள் கூப்பிடும் பறவைப் பெயர் புத்தகப் பெயரோடு ஒத்துப்போகிறதா? துரையோ பண்ணையாரோ வேட்டைக்கு வந்த நாளைப் பற்றி யாராவது சொல்லக் கேட்டிருக்கிறார்களா, அன்றைக்கு யார் யார் போனார்கள்? ஃபோனில் பதிவு செய்யுங்கள், சொல்பவர் சம்மதத்தோடு, ஊர்ப்பேச்சில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே. பெயர்களை முதலில் எழுதுங்கள். நடவு நேரத்தில் போய் நிற்காதீர்கள். பிசான நடவு முடிந்த பிறகு போனால் உட்கார்ந்து பேச அவர்களுக்கு நேரம் இருக்கும், உள்ளானும் வயலுக்கு வந்திருக்கும்.